ஒரே கடைச் சரக்கு, எதிரெதிர் வாடிக்கையாளர்: இலங்கைக் கடலில் ஓர்லிகன் பீரங்கி

தலவில என்றால் நமது வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அன்னம்மாள் தேவாலயமும் அதன் திருவிழாக் கூட்டமும்தான். பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியால் போகிறவர்கள், ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் அந்த வீதி படும் பாட்டை அறிவார்கள். தேவாலயத்தைப் பற்றி ஊரில் வழங்கும் கதையில் ஒரு வியாபாரி வருகிறார். கப்பல் உடைந்து இந்தக் கரையில் ஒதுங்கிய ஐரோப்பியர் ஒருவர், தன்னிடமிருந்த சிலையை ஆலமரத்தடியில் வைத்து, வியாபாரம் செழித்தால் திரும்பி வந்து கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டாராம். செழித்தது, வந்தார், கட்டினார் என்கிறது கதை.

கடலையும் கப்பலையும் கணக்குப் புத்தகத்தையும் ஒன்றாகச் சேர்த்த இன்னொரு கதையும் இந்தக் கரையோடு தொடர்புடையது. இது நேர்த்திக்கடன் கதையல்ல, லைசன்ஸ் கதை.

தலவிலக்குப் போகும் வழியில் உள்ள பாலாவியில், 1943இல் பிரித்தானியக் கடற்படை ஒரு விமான நிலையத்தை அமைத்தது. அதற்கு வைத்த பெயர் 'ராஜாலிய'. சிங்களத்தில் கழுகு என்று பொருள். சேறும் மணலுமான அந்த நிலத்தில் போர் விமானங்களை இழுக்க யானையைக் கட்டிய புகைப்படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. தென்னையும் மீன்வாடியும் இருந்த ஒரு கரையில் இவ்வளவு பெரிய ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? காரணம், அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கைக் கடலில் நடந்தது. அந்த ஏப்ரலில் ஜப்பானியரின் ஸீரோ போர் விமானங்களின் இறக்கைகளில் இருந்த 20 மில்லிமீற்றர் பீரங்கியும், அதே காலத்தில் பிரித்தானியா தன் கப்பல்களில் அவசர அவசரமாகப் பொருத்திக்கொண்டிருந்த 20 மில்லிமீற்றர் பீரங்கியும் ஒரே கம்பனியின் வடிவமைப்புகள். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஓர்லிகன் என்ற பகுதியில் இருந்த தொழிற்சாலை அது. இரு தரப்பும் அந்தக் கடையின் வாடிக்கையாளர்களே.

இதில் நமது வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. ஏஜென்சி எடுப்பதும் உற்பத்தி உரிமம் எடுப்பதும் ஒன்றல்ல. ஓர் அவுட்போர்ட் எஞ்சினுக்கு ஏஜென்சி எடுத்திருக்கும் முதலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்தால் விற்பார். வராவிட்டால் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். 2022இல் டொலர் இல்லாமல் எல்.சி. திறக்க முடியாமல் போனபோது இந்த அனுபவத்தைப் பலரும் பெற்றார்கள். உரிமம் எடுத்தவர் வாங்குவது பெட்டியை அல்ல. வரைபடத்தையும், அளவுகளையும், எந்த உருக்கை எப்படிப் பதப்படுத்துவது என்ற வித்தையையும், 'இதைச் செய்து கொள்' என்று எழுதிய ஒப்பந்தத்தையும் வாங்குகிறார். அதற்கு விலையாக முன்பணமும், செய்யும் ஒவ்வொன்றுக்கும் ரோயல்டியும் கொடுக்கிறார். ஜப்பான் 1930களில் இரண்டாவது வழியில் போனது. பிரித்தானியா முதலில் பெட்டி வாங்கப் போனது. வித்தியாசம் என்ன என்பதைப் போர் காட்டிக்கொடுத்தது.

முதலில் அந்தப் பீரங்கி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது சுவிஸ்காரர் கண்டுபிடித்ததும் அல்ல. முதலாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் பெக்கர் என்பவரின் தொழிற்சாலை உருவாக்கிய 20 மில்லிமீற்றர் பீரங்கியே அதன் தாய். போரில் தோற்ற ஜெர்மனி அத்தகைய ஆயுதங்களைச் செய்யக்கூடாது என்று வெர்சாய் உடன்படிக்கை தடுத்தது. அதனால் உரிமை சூரிச்சில் இருந்த ஸேமாக் என்ற கம்பனிக்குக் கைமாறியது. அந்தக் கம்பனி 1924 அளவில் நொடித்துப்போக, அருகிலிருந்த ஓர்லிகன் இயந்திரக் கருவித் தொழிற்சாலை அதன் சொத்துக்களோடு பீரங்கியையும் வாங்கிக்கொண்டது. அந்த ஆண்டிலேயே ஜெர்மனியிலிருந்து அங்கு நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்டவர் எமில் பூர்லே. பின்னாளில் தொழிற்சாலையே அவருடைய சொத்தானது. ஒரு நாட்டில் தடைசெய்யப்பட்டு, இன்னொரு நாட்டில் வங்குரோத்தாகி, மூன்றாவது கையில் பணமாகிய சரக்கு இது.

பீரங்கியின் அமைப்பே உரிமத்துக்கு ஏற்றதாக இருந்தது. சாதாரணமாக இப்படியான ஆயுதத்தில் தோட்டா வெடிக்கும் கணத்தில் பின்பக்க அடைப்பைப் பூட்டி வைக்க நுட்பமான ஒரு பூட்டு வேண்டும். ஓர்லிகனில் பூட்டு இல்லை. கனமான அடைப்பு தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னோக்கி ஓடிவரும்போதே தோட்டா வெடிக்கும். பின்னுதைப்பின் பெரும்பங்கு அந்த ஓட்டத்தை நிறுத்துவதிலேயே செலவாகிவிடும். மிஞ்சியது அடைப்பைத் திருப்பித் தள்ளி அடுத்த தோட்டாவுக்கு வழிவிடும். பாகங்கள் குறைவு. மின்சாரம் வேண்டாம், குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் வேண்டாம். கப்பல் தட்டில் எங்கே கொஞ்சம் இடம் இருக்கிறதோ அங்கே ஒரு தூணை நட்டு மாட்டிவிடலாம். சுடுபவர் இரு தோள்களையும் வளைவான தாங்கிகளில் கொடுத்து, இடுப்பில் பட்டியைக் கட்டி, தன் உடம்பாலேயே பீரங்கியைத் திருப்புவார். மேலே ஒரு மத்தளம் போன்ற உருளையில் 60 தோட்டாக்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 450 வீதம் சுடும் என்பதால் எட்டே வினாடியில் உருளை காலி. நிரப்பிய உருளை 28 கிலோ அளவில் இருக்கும். ஆடும் கப்பலில், மேலே விமானம் பாய்ந்து வரும் வேளையில், அதைத் தூக்கி மாட்டுபவர் பாடு எப்படி என்று மீன்பிடிப் படகில் ஐஸ் பெட்டி தூக்கியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. தோட்டாக்களுக்குக் கிரீஸ் பூச வேண்டும். பூசாவிட்டால் உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

இனி இரு வாடிக்கையாளர்களின் கதைக்கு வருவோம்.

ஜப்பான் கடற்படை 1935 அளவில் ஐரோப்பிய விமானப் பீரங்கிகளைப் பரிசோதித்துப் பார்த்து ஓர்லிகனைத் தேர்ந்தெடுத்தது. சரக்கை இறக்குமதி செய்துகொண்டே இருப்பது அவர்களின் எண்ணமாக இருக்கவில்லை. உற்பத்தி உரிமத்தைப் பெற்று, ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதிகள் சிலர் முன்னின்று 1937இல் ஒரு கம்பனியைத் தொடங்கினர். 1939இல் சொந்த நாட்டிலேயே உற்பத்தி ஓடத் தொடங்கியது. 'வகை 99' என்று பெயர். ஸீரோ விமானத்தின் ஒவ்வோர் இறக்கையிலும் ஒன்று. ஜப்பானியர் தங்கள் கப்பல்களில் வைத்திருந்த 25 மில்லிமீற்றர் விமான எதிர்ப்புப் பீரங்கியும் பிரான்ஸின் ஹொட்ச்கிஸ் கம்பனியின் வடிவமைப்பிலிருந்து வந்ததுதான். பிறர் வித்தையை உரிய விலை கொடுத்து வாங்கிக் கைவசப்படுத்துவதில் அவர்கள் அன்று தெளிவாக இருந்தார்கள்.

பிரித்தானியாவில் கதை வேறு. ஓர்லிகன் கம்பனியின் விற்பனையாளர் அன்ரோன் கஸ்டா என்ற ஒஸ்திரியர் லண்டனில் கடற்படைத் தலைமையகத்தின் கதவைத் தட்டாத நாளில்லை. நம்மிடம் ஏற்கனவே நமது சொந்தப் பீரங்கி இருக்கிறது, எதற்கு இந்த வெளிநாட்டுச் சாமான் என்பதே பல அதிகாரிகளின் பதில். கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது. அந்தப் பீரங்கிக்காக உள்ளேயிருந்து விடாப்பிடியாக வாதாடியவர் லூயிஸ் மவுண்ட்பேட்டன். ஆம், பின்னர் 1944இல் பேராதனையில் தலைமையகம் அமைத்து அமர்ந்த அதே மவுண்ட்பேட்டன்தான். அப்போது அவர் ஒரு கடற்படைக் கப்டன்.

கடைசியில் 1939இல் 1,500 பீரங்கிகளுக்கு ஓடர் கொடுத்தார்கள். எங்கே? சுவிட்சர்லாந்தில். அதாவது பெட்டிக்கு ஓடர். சுவிட்சர்லாந்துக்குக் கடல் கிடையாது. சரக்கு பிரான்ஸ் வழியாகத்தான் வர வேண்டும். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. சுற்றிவர ஜெர்மனியும் இத்தாலியும். அதுவரைக்கும் வந்து சேர்ந்தவை சுமார் நூறு பீரங்கிகள் மட்டுமே. மிச்சம் 1,400 அளவில் காகிதத்தில் நின்றுவிட்டன.

தப்பிப் பிழைத்தது காகிதம்தான் என்பதும் உண்மை. பிரான்ஸ் விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, பிரித்தானியாவிலேயே செய்துகொள்ள ஓர்லிகன் கம்பனி உரிமம் கொடுத்திருந்தது. வழி அடைபட்ட பிறகு, அங்கு கண்காணிப்புக்கு அனுப்பப்பட்டிருந்த ஸ்டுவர்ட் மிச்சல் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி, வரைபடங்களை எப்படியோ வெளியே கடத்திக்கொண்டு வந்து சேர்த்தார். லண்டனுக்கு அருகில் ரைஸ்லிப் என்ற இடத்தில் 1940 இறுதியில் உற்பத்தி ஆரம்பித்தது. முதல் பீரங்கிகள் கடற்படையின் கைக்கு வந்தது 1941இல். அதே உரிமத்தை ஜப்பான் எடுத்த காலத்திலேயே எடுத்திருந்தால் குறைந்தது மூன்று ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்பது இந்தப் பத்தியின் கணிப்பு. சரக்குக் கப்பலை மறிக்கலாம், எல்லையை மூடலாம். ஒரு மனிதனின் பையில் போகும் வரைபடத்தை மறிப்பது கடினம்.

இனி நம் கடலுக்கு வருவோம்.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி மாலை, இலங்கைக்குத் தென்கிழக்கே ரோந்து போன கட்டலினா விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. விமானி லெனார்ட் பேர்ச்சல், கனடாக்காரர். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஸீரோ விமானங்கள் சூழ்ந்து அவரது விமானத்தைச் சுட்டு வீழ்த்தின. அவர் சிறைப்பட்டார். அவர் அனுப்பிய செய்தி கொழும்பைத் தட்டியெழுப்பியது. மறுநாள் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து புறப்பட்ட விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தன. அவற்றுள் ஸீரோக்கள் 36. இரத்மலானையிலிருந்து எழும்பிய ஹரிகேன் விமானங்கள் மோதிப் பெரும் சேதமடைந்தன. திருகோணமலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள், வேகமில்லாத பழைய வகை, எதிரே அகப்பட்டு ஆறும் வீழ்ந்தன. துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற கப்பல்கள் மூழ்கின. அன்று பிற்பகலே, இலங்கைக்குத் தென்மேற்கே கடலில் கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்ற இரு பெரிய போர்க்கப்பல்கள் குண்டுவீச்சில் மூழ்கி 424 பேர் இறந்தனர். 1,100க்கு மேற்பட்டோர் ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் மிதந்து காப்பாற்றப்பட்டனர்.

9ஆம் திகதி திருகோணமலை. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. (அதன் சிதைவை நமது கடற்படையினர் 2018இல் மிதக்க வைத்து, இடம் மாற்றி ஆழத்தில் இறக்கினார்கள் என்பது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும்.) தப்பிக்கத் தெற்கே ஓடிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் குண்டு மழையில் மூழ்கியது. அதில் மட்டும் 307 உயிர்கள். கூடப் போன அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயர், வேறாகச் சென்ற ஹொலிஹொக், எண்ணெய்க் கப்பல்கள் இரண்டு ஆகியவையும் போயின. வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் அருகில் இருந்ததால் அறுநூறு பேரளவில் பிழைத்தார்கள்.

இந்தக் கப்பல்களை மூழ்கடித்தவை ஸீரோவின் 20 மில்லிமீற்றர் குண்டுகள் அல்ல, செங்குத்தாகப் பாய்ந்த குண்டுவீச்சு விமானங்கள். ஸீரோக்கள் செய்தது வானத்தைக் கூட்டித் துப்புரவாக்கிக் கொடுத்ததுதான். பிரித்தானியக் கப்பல்களில் இன்னும் சில ஓர்லிகன்கள் இருந்திருந்தால் ஹேர்மிஸ் பிழைத்திருக்குமா? பிழைத்திருக்காது என்றே சொல்ல வேண்டும். அன்று அந்த விமானந்தாங்கியில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. எழுபதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்களைச் சிறு பீரங்கிகளால் தடுத்துவிட முடியாது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கு ஒதுக்கப்பட்டவை பெரும்பாலும் பழைய கப்பல்கள் என்பதும், கிட்ட வரும் விமானத்தை அடிக்கும் ஆயுதம் அவற்றில் போதாமல் இருந்தது என்பதும் உண்மை. புதிய தொழிற்சாலையின் சரக்குக்கு அத்திலாந்திக்கும் மத்தியதரைக் கடலும் முதலில் கை நீட்டிக்கொண்டிருந்தன.

அடுத்து வந்த மாதங்களில் நிலைமை மாறியது. இலங்கையர் பணியாற்றிய தொண்டர் கடற்படை, 1937ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது, போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் கீழ் வேலை செய்தது. முதலில் ஓவர்டேல் வைக் என்ற ஒரு சிறு கப்பல். பின்னர் ஹொக்ஸா, பால்டா போன்ற ட்ரோலர்களும் வந்தன. மீன்பிடிக் கப்பலின் உடலமைப்பில் போருக்கெனக் கட்டிய இந்த 'ஐல்ஸ்' வகைக் கப்பல்களுக்கு வகுக்கப்பட்ட ஆயுதம் ஒரு 12 இறாத்தல் பீரங்கியும் மூன்று நான்கு ஓர்லிகன்களும். சுவிஸ் வடிவமைப்பு, ஆங்கிலேய உரிமம், இலங்கைத் தோள்.

இந்திய சகோதரர்களின் பெங்கால் கப்பலின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவுஸ்திரேலியாவில் கட்டப்பட்டு இந்தியக் கடற்படைக்குக் கொடுக்கப்பட்ட நான்கு சிறு கப்பல்களில் ஒன்று அது. மற்றவை பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப். ஒதுக்கியிருந்த நான்கு அங்குலப் பீரங்கி கிடைக்காததால் 12 இறாத்தல் பீரங்கி ஒன்றையும் ஓர்லிகன்களையும் மாட்டிக்கொண்டு புறப்பட்டது. 1942 நவம்பர் 11ஆம் திகதி, ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக டியேகோ கார்சியா நோக்கிப் போகும் வழியில், ஜப்பானியரின் ஆயுதம் தாங்கிய இரு பெரிய கப்பல்கள் எதிரே வந்தன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல், பெரிய பீரங்கிகள். பெங்கால் ஒண்டினாவை ஓடச் சொல்லிவிட்டு நேரே எதிரியை நோக்கித் திரும்பியது. இரு கப்பல்களும் சுட்டதில் ஹொகோகு மாரு வெடித்து மூழ்கியது. யாருடைய குண்டு பட்டது என்பதில் இன்றும் பேச்சு இருக்கிறது. ஒண்டினாவின் கப்டன் இறந்தார். ஆனால் பெங்கால், ஒண்டினா இரண்டும் பிழைத்துக் கரை சேர்ந்தன. இந்தச் சண்டையின் பெருமையை ஓர்லிகனுக்குக் கொடுக்க முடியாது. பாராட்ட வேண்டியது கையில் இருந்ததை வைத்துக்கொண்டு முன்னே போன மாலுமிகளை.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இந்தக் கதையின் மிகச் சுவையான பகுதி போர்க்கப்பல்களில் இல்லை. சரக்குக் கப்பல்களில்தான் இருக்கிறது.

போர்க் காலத்தில் பிரித்தானியச் சரக்குக் கப்பல்களுக்கும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் கொடுக்கப்பட்டன. அந்தக் கப்பல்களின் எஞ்சின் அறைகளில் நிலக்கரி அள்ளியவர்களில் சில்ஹெட், நோவகாளி பகுதி முஸ்லிம்கள் ஏராளம் என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது. பீரங்கிக்கும், அதைச் சுட ஆட்களைப் பழக்குவதற்கும் பெரும் செலவு. போர்க்கப்பல்களுக்கே போதாத வேளையில் சரக்குக் கப்பலுக்கு இது தகுமா என்று கேள்வி எழுந்தது. கணக்குப் பார்த்தார்கள். மத்தியதரைக் கடலில் இப்படியான கப்பல்களைத் தாக்கிய விமானங்களில் சுட்டு வீழ்த்தப்பட்டவை நூற்றுக்கு நான்கு மட்டும்! அப்படியானால் கழற்றி எடுத்து வேறெங்காவது மாட்டலாமே என்ற முடிவு கிட்டத்தட்டத் தயாராக இருந்தது.

அப்போது கணித ஆய்வாளர்கள் குறுக்கே வந்து, கேள்வியே பிழை என்றார்கள். சரக்குக் கப்பலில் பீரங்கி வைப்பது விமானத்தை வீழ்த்தவா, கப்பலைக் காப்பாற்றவா? கணக்கை அந்தப் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள். தாழப் பறந்து தாக்கிய விமானங்களை நோக்கிச் சுட்ட கப்பல்கள் 155. அவற்றில் மூழ்கியவை 16, அதாவது நூற்றுக்குப் பத்து. சுடாத கப்பல்கள் 71. மூழ்கியவை 18, அதாவது நூற்றுக்கு இருபத்தைந்து. விமானத்தில் ஒரு குண்டும் படாவிட்டாலும், கீழேயிருந்து நெருப்புக் கோடு எழும்பி வரும்போது விமானியின் கை நடுங்குகிறது, குண்டு தவறுகிறது. அவ்வளவுதான் தேவை. பீரங்கிகள் கழற்றப்படவில்லை. முகாமைத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் கற்பிக்கப்படும் உதாரணம் இது. கடைக்குக் காவலாளி வைத்த முதலாளி, அவர் எத்தனை திருடரைப் பிடித்தார் என்று சம்பளக் கணக்குப் பார்த்தால் காவலாளியை நிறுத்திவிடுவார். கடையில் என்ன குறைந்தது என்று பார்த்தால் வேறு விடை வரும்.

அமெரிக்கா 1940 இறுதியில் இந்தப் பீரங்கியை ஏற்றுக்கொண்ட பிறகு எண்ணிக்கை எங்கோ போய்விட்டது. கார் செய்துகொண்டிருந்த பொன்ரியாக்கும் ஹட்சன் மோட்டார் கம்பனியும் பீரங்கி செய்தன. போர் முடியும்போது அமெரிக்கா மட்டும் செய்தவை ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேல். பாகங்கள் குறைவு, வரைபடம் தெளிவு என்பதால்தான் ஆயுதமே செய்திராத தொழிற்சாலைகளால் இது முடிந்தது. 1941 டிசம்பரிலிருந்து 1944 செப்டெம்பர் வரை தாங்கள் சுட்டு வீழ்த்திய ஜப்பானிய விமானங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அமெரிக்கக் கடற்படை ஓர்லிகனின் கணக்கில் எழுதியது. அதாவது, ஓர்லிகன் உரிமத்தில் செய்த பீரங்கியைத் தாங்கி வந்த ஸீரோக்களும், ஓர்லிகன் உரிமத்தில் செய்த பீரங்கியாலேயே விழுந்தன. தோட்டா மட்டும் வேறு. விமானத்துக்குச் செய்தது குட்டையானது, கப்பலுக்குச் செய்தது நீளமானது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் சந்தேகமில்லை.

1944 கடைசியில் ஜப்பானிய விமானிகள் விமானத்தோடு கப்பலில் மோதத் தொடங்கியபோது ஓர்லிகனின் காலம் இறங்கியது. சாகத் துணிந்து வருபவரின் கை நடுங்காது. விமானத்தைத் துண்டாக்கினாலொழியத் தடுக்க முடியாது. 20 மில்லிமீற்றர் குண்டுக்கு அந்தப் பலம் இல்லை. அந்த இடத்தைச் சுவீடனின் போஃபர்ஸ் கம்பனியின் 40 மில்லிமீற்றர் பீரங்கி பிடித்துக்கொண்டது. அதுவும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் உரிமத்தின் பேரில் செய்யப்பட்டதே.

போர் முடிந்தும் ஓர்லிகன் நம் கரையை விட்டுப் போகவில்லை. 1949இல் பிரித்தானியா இலங்கைக்குக் கொடுத்த முதல் போர்க்கப்பல், கனடாவின் டொரொன்டோவில் கட்டிய ஃபிளையிங் ஃபிஷ் என்ற கண்ணிவாரி. அதற்கு நாம் வைத்த பெயர் 'விஜய'. அந்த வகைக் கப்பல்களின் சிறு ஆயுதமும் இந்த 20 மில்லிமீற்றர்தான். அந்தக் கப்பல் போய்விட்டது, பெயர் போகவில்லை. தலவிலக்கு வடக்கே கற்பிட்டியில் உள்ள கடற்படை முகாமின் பெயர் இன்றும் 'விஜய'. 1980களில் இஸ்ரேலில் வாங்கிய டிவோரா அதிவேகப் படகுகளிலும் ஓர்லிகன் பீரங்கிகளே இருந்தன. உள்நாட்டுப் போர்க் காலத்தில் இக்கரையில் தொழில் செய்தவர்கள் பாஸ் சோதனைக்காக நிறுத்தப்பட்ட வேளைகளில், அது ஓர்லிகன் என்று அறியாமலே அந்தக் குழாயைப் பார்த்திருப்பார்கள்.

விற்றவர் என்ன ஆனார்? எமில் பூர்லே, நேசநாடுகளுக்கு வழி அடைபட்ட பிறகு, 1940 முதல் 1944 வரை ஜெர்மனி அணிக்கு விற்ற ஆயுதங்களின் பெறுமதி ஐம்பது கோடி சுவிஸ் பிராங்குக்கும் மேல். நேசநாடுகள் அவரைக் கறுப்புப் பட்டியலில் போட்டன. அவரோ சுவிட்சர்லாந்தின் முதல் பணக்காரராகப் போரிலிருந்து வெளியே வந்தார். கஸ்டா அமெரிக்காவுக்குப் போய் அங்கும் பீரங்கியை விற்றுக்கொடுத்தார். போர்க் காலத்தில் சந்தேகத்தின் பேரில் அங்கேயே தடுத்தும் வைக்கப்பட்டார். தொழிற்சாலையின் ஆயுதப் பிரிவு 1999இல் ஜெர்மனியின் ரைன்மெட்டால் கம்பனிக்குக் கைமாறியது. ஜெர்மனியில் தொடங்கிய பீரங்கி எண்பது ஆண்டுகள் கழித்து ஜெர்மனிக்கே திரும்பிப் போனது எனலாம். ஓர்லிகன் என்ற பெயரைத் தாங்கும் இன்றைய கம்பனி உலோகங்களுக்கு மேற்பூச்சுப் போடும் தொழிலுக்குப் பெயர் பெற்றது.

பூர்லே பெருமளவு பணத்தை ஓவியங்களில் போட்டார். 1956இல் அவர் இறந்தபோது மோனே, செசான், வான்கோ என்று நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. அவற்றில் ஒரு பகுதி 2021இல் சூரிச் கலைக்கூடத்தின் புதிய கட்டடத்தில் தொங்கவிடப்பட்டபோது பெரிய சர்ச்சை எழுந்தது. படம் வாங்கிய பணம் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. நாஸிகளுக்குப் பயந்து ஓடிய யூதக் குடும்பங்கள் அவற்றை எந்த நிலையில், என்ன விலைக்கு விற்றன என்பது இன்னொரு கேள்வி. 2024இல் வெளிவந்த சுயாதீன அறிக்கை, படங்கள் கைமாறிய வழியை இதுவரை தேடியது போதாது, மீண்டும் தேட வேண்டும் என்று சொன்னது.